வயர் அறுந்த துவக்கு

பைறூஸ் நானாவைப் பற்றி யார் நல்லது சொன்னாலும் நான் ஒரு குறையாவது சேர்க்காமல் விடமாட்டேன். மனுசன் லேசுப்பட்டவரில்லை. தேத்தண்ணி குடிக்க வந்தால் சீனி காணாது என்பார். சீனி போட்டால் சாயம் காணாது என்பார். வவுனியாவில், அகதி முகாமுக்குப் போகிற வீதியில், என்னுடைய தேத்தண்ணிக் கடையும் அவர் றேடியோ திருத்துகிற கடையும் ஒரே தகரச் சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றன. அவர் அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் என் கிளாசுகள் கிலுங்கும்.

எனக்கு அவரை முல்லைத்தீவிலிருந்தே தெரியும். சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தார். எங்கள் கரையில் கடலுக்குப் போகிறவர்களின் றேடியோக்கள் உப்புப் பிடித்து அவரிடம்தான் போகும். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தை வெளிக்கிடச் சொல்லி, துவக்குத் தூக்கிய எங்கள் பொடியன்களின் இயக்கம் கட்டளை போட்டபோது, உடுத்த உடுப்போடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் ஒழுங்கையில் நின்று பார்த்தோம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தொண்ணூற்றாறில் சண்டை வந்து எங்களுக்கும் அதே கதி வந்தது. சுற்றிச் சுழன்று நான் வவுனியாவுக்கு வந்து சேர்ந்து, அவரை இந்த வீதியில் கண்டபோது மனுசன் சொன்ன முதல் கதை என்ன தெரியுமோ?

“இரஞ்சிதம், உங்கட றேடியோ அண்டைக்கே திருத்தி முடிஞ்சுது. தாறதுக்குத்தான் நேரமில்லாமல் போச்சு.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். வீடு போனதைப் பற்றி அவர் ஒரு நாளும் கதைத்ததில்லை. திருத்திய றேடியோக்கள் உரிய ஆட்களிடம் போகவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய துக்கம். அப்படி ஒரு மனுசன்.

தொண்ணூற்றொன்பதில் சவூதியிலிருந்து வந்த அவருடைய மைத்துனர் ஒரு ரீவி கேம் கொண்டுவந்து கொடுத்தார். ரீவியோடு கொழுவுகிற ஒரு பெட்டி, கையில் பிடித்து அமத்துகிற இரண்டு சாமான், செருகுகிற கசற்றுகள். கூடவே ஒரு துவக்கு. கறுத்தப் பிளாஸ்ரிக் துவக்குத்தான், ஆனால் தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அது பிளாஸ்ரிக் என்று எப்படித் தெரியும்? அதன் பிடியிலிருந்து ஒரு வயர் போய்ப் பெட்டியில் பொருந்தும். ரீவியில் பறவைகள் பறக்கும். ரீவியைப் பார்த்து நீட்டிச் சுட்டால் பறவை விழும். வேறொரு கசற்றில் ஆமிக்காரன் மாதிரி ஒருவன் ஓடி ஓடி ஆட்களைச் சுடுவான்.

கண்டறியாத ரீவி கேம்! வவுனியா ரவுணில் பள்ளிக்கூடம் விட்டால், திரும்பிப் போகிற முகாம் பிள்ளைகள் முழுக்க அவருடைய கடையில்தான். சுடுகிற சத்தத்தையாவது பொறுக்கலாம். பறவை விழும்போது கூவிக்கொண்டு இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் போடும் பாருங்கள், ஷெல் வருகிற அதே சத்தம். முதல் நாள் அதைக் கேட்டு நான் கேத்திலையும் எறிந்துவிட்டு மேசைக்குக் கீழே விழுந்து படுத்துவிட்டேன். கடையில் இருந்த சனம் முழுக்க நிலத்தில். எழும்பிப் போய் நான் பேசிய பேச்சில் பைறூஸ் நானா ரீவியின் சத்தத்தை நன்றாகக் குறைத்து, குமிழைத் திருப்பக்கூடாது என்று அதன்மேல் பிளாஸ்ரரும் ஒட்டிவிட்டார்.

பிள்ளைகளின் கதைதான் எனக்குப் பொறுக்காது. “என்ர ஆள் செத்திட்டான்” என்று ஒன்று கத்தும். “பரவாயில்லையடி, உனக்கு இன்னும் உயிர் கிடக்கு” என்று மற்றது சொல்லும். கேட்டுக்கொண்டே வடை சுடுவேன்.

இந்தக் கூத்தை நிற்பாட்ட வேண்டும் என்று கிளம்பியவர் கமலாசனி ரீச்சர். முகாம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். அவரும் முகாமில்தான் இருந்தார். நாள்தோறும் முகாமுக்கு முன்னால் ஆமி சோதிக்கிற சென்றியில் பாஸ் எடுத்துக்கொண்டு ரவுணுக்கு வந்து, இரண்டு வீடுகளில் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார். நேர்மையான மனுசி, ஆனால் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். அவரும் பைறூஸ் நானாவும் சண்டை பிடிக்கிற இடம் என்னுடைய கடை.

“இந்தப் பிள்ளையள் நிசத்தில பார்த்தது காணாதோ நானா? விளையாட்டிலயும் துவக்கைத் தூக்க வேணுமோ?”

“நிசத்தில மற்றவன்தான் ரீச்சர் சுட்டவன். இதுகள் ஓடினதும் ஒளிச்சதும்தான். ஒரு பறவையைச் சுட்டு, நான் வெண்டிட்டன் எண்டு சிரிச்சிட்டுப் போகட்டுமே.”

“சிரிச்சுச் சிரிச்சுத்தான் பழகுறது. பேந்து கை தானாப் போகும்.”

“சரி, ஆக்களைச் சுடுற கசற்றை அலுமாரிக்குள்ள வைச்சிடுறன். பறவை கிடக்கட்டும்.”

“பறவையிலதான் தொடங்கும்!”

நடுவில் நான் தேத்தண்ணியை டக்கென்று வைத்து, “ரெண்டு பேரும் வெளியில போய்க் கத்துங்கோ, சனம் வடை தின்ன வேணும்” என்பேன். உண்மையில் என் மனம் ரீச்சரின் பக்கம் ஒரு நாள் நிற்கும், நானாவின் பக்கம் ஒரு நாள் நிற்கும். ரீச்சர் ஏன் இவ்வளவு கொதிக்கிறார் என்பது வீதி முழுக்கத் தெரியும். அவருடைய ஒரே மகன் றொமேஸ் பதினோராம் வகுப்பில் படிக்கும்போது இயக்கத்துக்குப் போனவன். உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தகவல் இல்லை. வவுனியாவில் அந்தக் கதையை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். சொன்னால் அவர் பாஸ் எடுக்கிற இடத்திலேயே கதை முடிந்துவிடும்.

கடைசியில் ரீச்சர் முகாமில் பெற்றோர் கூட்டம் வைத்தார். துவக்கு விளையாட்டை அடியோடு நிற்பாட்ட வேண்டும், நானா கேட்காவிட்டால் ஒரு பிள்ளையும் அந்தக் கடைக்குப் போகக்கூடாது, இதுதான் கூட்டத்தின் முடிவாக வரும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும்.

கூட்ட நாள் மத்தியானம் பைறூஸ் நானா பள்ளிவாசலுக்குத் தொழப் போயிருந்தார். அவர் மனைவி நபீஸா கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அடுப்பில் சோறு பொங்குதென்று குசினிக்குள் போயிருக்கிறார். நானா திரும்பி வந்து சற்று நேரத்தில் என் தகரத்தில் தடாலென்று அடித்தார்.

“இரஞ்சிதம்! இஞ்ச வாங்கோ. இதைப் பாருங்கோ.”

போய்ப் பார்த்தேன். கேம் பெட்டியிலிருந்து வயர் மட்டும் தொங்கியது. நுனியில் துவக்கு இல்லை. வெட்டின இடத்தில் உள்ளே இருக்கிற சின்ன வயர்கள் சிவப்பும் மஞ்சளுமாகப் பிரிந்து நின்றன. மேசையில் அவருடைய கத்தரிக்கோல் திறந்தபடி கிடந்தது.

“பிள்ளையள் ஆரோ செய்த வேலை” என்று அவர் பல்லைக் கடித்தார்.

அந்த நேரம் ஜெயரூபினி ஓடிவந்தாள். முந்தி ரீச்சரிடம் படித்த பெட்டை, இப்போது முகாமிலிருந்து ரவுண் பள்ளிக்கூடத்துக்கு வந்து, ரீச்சரோடு கூடித் திரும்பிப் போகிறவள். மூச்சு வாங்க முடியாமல் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரீச்சரைப் பிடிச்சிட்டாங்கள் அன்ரி. சென்றியில. பைக்குள்ள துவக்கு எண்டு கத்துறாங்கள்.”

மாதாவே, இப்படியும் ஒரு புத்தியா! சென்றியில் ரீச்சர் சொல்லிக் கெஞ்சினதை ஜெயரூபினி சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. கூட்டத்தில் பெற்றோருக்குக் காட்ட என்று ரீச்சர்தான் துவக்கை வெட்டி எடுத்திருக்கிறார். ‘உங்கட பிள்ளையள் கையில பிடிக்கிறது இதுதான்’ என்று தூக்கிக் காட்டத்தான். வழியில் கூட வருகிற பிள்ளைகள் கண்டுவிடக்கூடாதென்று பேப்பரில் சுற்றி, அதற்குமேல் ஒரு சீலைத் துண்டையும் சுற்றி, பாடக் கொப்பிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். பிள்ளைகளிடமிருந்து ஒளிக்கிற அந்தர அவசரத்தில், முகாமுக்கு முன்னால் சென்றி இருக்கிறதை மனுசி மறந்தே போனார். வயரோடு இருந்திருந்தாலாவது விளையாட்டுச் சாமான் என்று ஒருத்தன் நம்பியிருப்பான். வயரையும் வெட்டி, சீலையிலும் சுற்றினால்? படித்த மனுசி பார்த்த வேலையைப் பாருங்கள்! அந்த நேரம் அவர் எனக்கு முன்னால் நின்றிருந்தால் அடித்தே இருப்பேன்.

பின்னேரம் சென்றிக்கு ட்ரக் வரும். மாற்று ஆமிக்காரர்களை இறக்கிவிட்டு, பிடித்து வைத்த ஆட்களை விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போகும். அதில் ஏறியவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே விசாரணையில் முதல் கேள்வியே, பிள்ளைகள் எத்தனை, எங்கே நிற்கிறார்கள் என்பதுதான். றொமேஸின் பெயர் வெளியில் வந்தால் ரீச்சர் முடிந்தார்.

பைறூஸ் நானா ரீவியின் பிளக்கைக் கழற்றினார். கேம் பெட்டியைத் தூக்கி ஒரு பையில் போட்டார். நபீஸா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் குறுக்கே வந்தார்.

“எங்க கொண்டு போறீங்க?”

“சென்றிக்கு. இது என்ர சாமான் எண்டு சொல்ல வேணும். வேலை செய்து காட்ட வேணும்.”

“உங்களுக்கு விசரா? நம்பாட்டி உங்களையும் சேர்த்து ஏத்துவானுகள். அவட மகன் எங்க நிக்கிறான் எண்டு தெரியும்தானே? எங்களைத் துரத்தின ஆக்களோட நிக்கிறான்!”

ஜெயரூபினி நபீஸாவைப் பார்த்தபடி நின்றாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒழுங்கையில் நின்று பார்த்த சனத்தில் நானும் ஒருத்திதானே.

“அண்டைக்கு அவன் சின்னப் பொடியன் நபீஸா” என்றார் நானா. “எங்களை வெளிக்கிடச் சொன்னது ரீச்சரும் இல்லை. நீங்க விலகுங்க.”

நபீஸா விலகவில்லை. நானாதான் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். நான் கடையைப் பூட்டாமலேயே அவரோடு ஓட்டோவில் ஏறினேன். ரீவியை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஓட்டோ குலுங்கக் குலுங்க நான் செபமாலை சொன்னேன், அவர் வாய்க்குள் ஏதோ ஓதினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

சென்றிக்கு எட்டத்திலேயே ஓட்டோவை நிற்பாட்டிவிட்டு இறங்கி நடந்தோம். ரீவியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வருவதைக் கண்டதும் ஒருவன் துவக்கை நீட்டிக் கத்தினான். ரீவியை ரோட்டில் வைத்துவிட்டுக் கையை உயர்த்தினோம். நானா சிங்களத்தில் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். எனக்கு ‘செல்லம்’ என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது, விளையாட்டு என்று அர்த்தம்.

பெண்களைச் சோதிக்கிற தகரக் கொட்டிலுக்குள் ரீச்சர் வாங்குப் பலகையில் இருந்தார். கை இரண்டையும் முன்னால் கட்டியிருந்தார்கள். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். மேசையில் பேப்பர், சீலைத் துண்டு, அந்தப் பாழாய்ப்போன துவக்கு. பொறுப்பானவன் மீசை வைத்த நடுத்தர வயசுக்காரன். நானா சொன்னதையெல்லாம் கேட்டான். பிறகு துவக்கைத் தூக்கிக் காட்டி ஏதோ கேட்டான்.

“விளையாட்டுச் சாமானை ஏன் சீலையில சுத்தி ஒளிக்க வேணும் எண்டு கேக்கிறார்” என்றார் நானா எங்களிடம்.

நானா தானே ஏதோ சொன்னார். அவன் நம்பவில்லை. வேலை செய்து காட்டு, பார்ப்போம் என்றான். இதை வைத்துத் துவக்குப் பிடிக்கப் பழகினீர்களோ என்றும் கேட்டான். அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது.

நானா நிலத்தில் குந்தி வயரைப் பொருத்தத் தொடங்கினார். சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள் என்று முறுக்கினார். இரண்டு தரம் கழன்றுவிட்டது. பல்லால் கடித்து உரித்துத் திரும்பவும் முறுக்கினார். கொட்டிலில் எரிகிற லைற்றின் பிளக்கைக் கழற்றி ரீவியைக் கொழுவினோம். நானா பறவையைப் பார்த்துச் சுட்டார். ஒன்றும் விழவில்லை. திரும்பவும் சுட்டார். ஒன்றும் இல்லை.

“வெளிச்சம் கூடிப்போச்சு” என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “ரீவியில வெயில் பட்டா இது வேலை செய்யாது.”

மீசைக்காரன் யோசித்தான். பிறகு ஒரு பொடியனைக் கூப்பிட்டான். தாடி முளைக்காத ஆமிக்காரன், போர்முனையிலிருந்து அண்மையில்தான் வந்திருக்க வேண்டும், முழங்கையில் காயத்துணி சுற்றியிருந்தான். அவன் வாசலில் சாக்கைத் தொங்கவிட்டான். கொட்டில் இருண்டது. ரீவியில் பறவைகள் பறந்தன. அந்தப் பொடியனுக்குச் சின்னப்பிள்ளை போல முகம் மலர்ந்துவிட்டது. நானா ஒட்டிய பிளாஸ்ரரை உரித்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டினான்.

நானா துவக்கை எடுக்கப் போனார். மீசைக்காரன் தடுத்தான். ரீச்சரைக் காட்டினான்.

“ரீச்சர்தான் பறவையைச் சுட வேணுமாம்” என்றார் நானா.

விளங்குகிறதா அந்தப் பொறி? ஒரு பறவையாவது விழாவிட்டால் இது கேம் துவக்கு என்று நம்பமாட்டான். எல்லாம் விழுத்தினால் சுடப் பழகியவள் என்பான். ரீச்சரின் கைக்கட்டை அவிழ்த்தார்கள். துவக்கு விளையாட்டை அடியோடு நிற்பாட்ட வேண்டும் என்று கூட்டம் வைத்த மனுசி, இரண்டு கையாலும் அந்தத் துவக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுட்டார். பறவை பறந்து போனது. அடுத்ததும் போனது. மீசைக்காரன் வாசலுக்குப் போய் வீதியைப் பார்த்துவிட்டு வந்தான். ட்ரக் வருகிற நேரம்.

“ரீச்சர்” என்றார் நானா மெதுவாக. “கண்ணைத் திறவுங்கோ. கிட்டப் போய் நீட்டுங்கோ. ஒண்டு காணும்.”

ரீச்சர் கண்ணைத் திறந்தார். ரீவிக்குக் கிட்டப் போனார். சுட்டார்.

பறவையில் பட்டுவிட்டது. கூவிக்கொண்டு இறங்கியது.

அந்தச் சத்தம் கொட்டில் முழுக்க நிறைந்தது. ரீச்சர் துவக்கை எறிந்துவிட்டு, தலையைக் கையால் மூடிக்கொண்டு குப்புற விழுந்தார். நான் விழுந்தேன். நானா விழுந்தார். என் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொருவன் தடாலென்று விழுந்தான். கண்ணைத் திறந்து பார்த்தால் அந்த ஆமிப் பொடியன். காயப்பட்ட கையை அடியில் கொடுத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, ரீச்சரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ரீச்சரும் அவனைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஆண்டவரே, அந்தப் பொடியனின் கண்ணில் இருந்த பயத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. நின்றது மீசைக்காரன் மட்டும்தான், அவனும் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். ரீவியில் மற்றப் பறவை பறக்கத் தொடங்கியது. அவன் போய் வயரைப் பிடுங்கினான். பொடியனை எழுப்பித் தண்ணீர் கொடுத்தான். பிறகு எங்களைப் பார்க்காமலே கையைக் காட்டினான், போங்கள் என்று. துவக்கை மட்டும் தரவில்லை. இப்படி ஒரு சாமானை இனி இந்த வீதியில் கண்டால் விசாரிக்கமாட்டேன், சுடுவேன் என்று சொன்னதாக நானா பிறகு சொன்னார்.

திரும்பி வரும்போது ட்ரக் எங்களைத் தாண்டிப் போனது. ரீச்சர் என் தோளில் சாய்ந்திருந்தார். நான் அவரைத் திட்டவேண்டும் என்று சேர்த்து வைத்ததெல்லாம் வாயிலிருந்து வரவில்லை.

கூட்டம் நடக்கவில்லை. அடுத்த கிழமை ரீச்சர் பைறூஸ் நானாவின் கடைக்கு வந்தார். பிள்ளைகள் வராத காலை நேரம். நபீஸாதான் அவர் இருக்கக் கதிரையை எடுத்துப் போட்டார். ஒரு சொல்லும் கதைக்காமல், ஆனால் எடுத்துப் போட்டார். நான் தேத்தண்ணியோடு போனேன்.

“அதைப் போட்டுக் காட்டுங்கோ நானா” என்றார் ரீச்சர். “அந்தப் பறவையை.”

“துவக்கு இல்லையே ரீச்சர்.”

“இல்லாட்டி என்ன நடக்கும்?”

“ஒண்டும் நடக்காது. ஒண்டும் விழாது. எல்லாம் பறந்து போகும்.”

“போடுங்கோ.”

நானா சத்தத்தை முழுக்க நிற்பாட்டிவிட்டுப் போட்டார். பறவைகள் எழும்பின, மேலே போய் மறைந்தன. திரும்ப எழும்பின, திரும்ப மறைந்தன. ரீச்சர் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரீவியைப் பார்த்தபடியே பேசினார். அந்த வீதியில் தன் மகனின் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

“றொமேஸ் சின்னனில கோயில் திருவிழாவில விளையாட்டுத் துவக்கு வேணுமெண்டு நிலத்தில புரண்டு அழுதவன். நான் ஒரு நாளும் வாங்கிக் குடுக்கேல்லை நானா. வீட்டுக்குள்ள ஒரு தடியைக்கூட அப்பிடிப் பிடிக்க விடேல்லை. அப்பிடி வளர்த்தும் போயிட்டான்.”

நபீஸா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நான் தேத்தண்ணியை மேசையில் வைத்தேன். நானா எடுத்துக் குடித்தார். அன்றைக்கு நான் சீனி போட மறந்திருந்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை.